இரணைமடு: நட்டத்தில் யாருக்குப் பங்கு?

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறும் நீரே குடாநாட்டின் முதல். ஹோட்டல், பேக்கரி, ஐஸ் தொழில் எல்லாம் அதை நம்பித்தான். கிணறு உவர்த்துப்போனால் பவுசருக்குக் கொடுக்கும் காசு நேரே இலாபத்தில் கழியும். 1990இல் வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பிவந்து கடை திறந்த நம்மவர்களுக்கும் இது தெரிந்த கணக்கே.

இந்தக் குறையைத் தீர்க்க 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்கச் சம்மதித்தது. கனகராயன் ஆற்று நீர் சேரும் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டை உயர்த்தி, ஒரு பகுதி நீரைக் குழாய்வழியே யாழ்ப்பாணம் கொண்டுவருவது திட்டம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். 2013இல் அமைந்த வட மாகாண சபையிலும் விவகாரம் சூடுபிடித்தது. இரு பக்கமும் தமிழ் பேசும் மக்கள். இரு பக்கத்து வாக்கும் தேவைப்பட்ட அரசியல்வாதிகள் துணிந்து முடிவு சொல்லத் தயங்கினர்.

விவசாயிகளைச் சுயநலவாதிகள் என்று பேசியவர்கள் உண்டு. வியாபாரிக் கண்ணால் பார்த்தால் அவர்களின் அச்சம் புரியும். குளத்தில் உள்ள நீரைப் பார்த்தே சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாகிறது. மழை பொய்த்தால் விதைப்பு குறையும். நகரமோ நாளுக்கு இவ்வளவு என்று நிலையான அளவு கேட்கிறது. அப்படியானால் வரட்சியின் நட்டம் முழுவதும் வயலின் தலையில் விழும்.

கூட்டு வியாபாரத்தில் ஒருவர் மட்டும் நிலையான இலாபம் கேட்பதை நமது மார்க்கம் ஏற்பதில்லை. நட்டத்தையும் அவரவர் முதலுக்கு ஏற்பச் சுமக்க வேண்டும். நகரத்தின் தாகமும் உண்மையானதே. குடிநீரை நிறுத்த முடியாது. ஆகவே குளம் எந்த மட்டத்துக்கு இறங்கினால் யாருக்கு எவ்வளவு குறையும், விதைக்காத வயலுக்கு யார் நட்டஈடு தருவது என்பதை மழைக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அணையின் உயரத்தைவிட அந்தத் தாளே முக்கியம். விவசாயிகள் நம்பும்படியான அப்படியொரு உடன்பாடு கைகூடவில்லை.

முடிவில் குடாநாட்டுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டது. வடமராட்சி கிழக்கு கடற்றொழிலாளர் அதற்கும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடல் வற்றாது, ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அந்தச் செலவை நுகர்வோரோ அரசோ சுமந்தே ஆக வேண்டும். இதற்கிடையில் 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி வெள்ளத்தில் தவித்தது.

பங்காளியோடு கடை தொடங்கும் சகோதரர்களுக்கும் இதில் பாடமுண்டு. இலாபம் வரும் நாளில் எவரும் சண்டையிடுவதில்லை. நட்டக் கணக்கை முதல்நாளே எழுதுங்கள். குளம் நிறைந்திருக்கும்போதே பங்கைப் பேசி முடித்தால், வற்றும்போது உறவு வற்றாது.