குழல் குறுகினால் என்ன குறையும்?

குடியரசு தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓய்வு பெற்ற சுபேதார், அவருடைய பேரன், நான். சுபேதார் அல்சூர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். நம் பகுதியிலும் பக்கத்து காக்ஸ் டவுனிலும் அந்தப் படையோடு தொடர்புள்ள தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பது வாசகர்கள் அறிந்ததே. திரையில் ஒரு பாதுகாவலர் தோளில் மிகக் குட்டையான துப்பாக்கி ஒன்று தொங்கியது. "இவ்வளவு குட்டியா இருக்கே தாத்தா, பெரிய துப்பாக்கி மாதிரியே சுடுமா?" என்று பையன் கேட்டான். "சார் இன்ஜினியர், அவரைக் கேளு" என்று சுபேதார் என் பக்கம் தள்ளிவிட்டார்.

ரயில்வேயில் என்ஜின்களோடு காலம் கழித்தவன் நான். துப்பாக்கி என் தொழில் அல்ல. ஆனால் ஒரு குழாய்க்குள் சூடான வாயு விரிந்து எதையோ தள்ளுகிறது என்ற அளவில் இரண்டும் ஒரே சங்கதிதான். அந்த உரிமையில் அன்று அவனுக்குச் சொன்னதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பொன்மலைப் பணிமனையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் நீராவி என்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வண்டி கிளம்பும்போது "புஸ்... புஸ்..." என்று காது அடைக்கும் சத்தம் வருமே, அது ஏன்? கிளம்பும்போது பிஸ்டன் ஏறக்குறையக் கடைசி வரை போகும்வரை நீராவியை உள்ளே விடுகிறோம். அது முழுதும் விரிந்து வேலை செய்வதற்குள் வெளியேறும் வழி திறந்துவிடுகிறது. மிச்ச அழுத்தமெல்லாம் சத்தமாகப் புகைபோக்கியில் போகிறது. வேகம் பிடித்ததும் ஓட்டுநர் நீராவியைச் சீக்கிரமே நிறுத்தி, உள்ளே இருப்பதை விரியவிட்டு வேலை வாங்குவார். சத்தமும் அடங்கிவிடும், நிலக்கரியும் மிச்சம்.

குட்டைக் குழல் துப்பாக்கி எப்போதும் கிளம்பும் நிலையிலேயே இருக்கும் என்ஜின் மாதிரி. தோட்டாவில் உள்ள மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியே வந்த பிறகு அதை விரட்ட வாயுவுக்கு வழியில்லை. குழல் நீளமாக இருந்தால் தள்ளும் தூரம் அதிகம். குட்டையாக இருந்தால் அழுத்தம் உயர்ந்திருக்கும்போதே குண்டு வெளியேறிவிடுகிறது. மிச்ச வாயு பெரும் வெடிச்சத்தமாகவும், எரியாத மருந்து நெருப்புப் பந்தாகவும் நுனியில் வெளிப்படுகின்றன. மூடிய அறைக்குள் சுட்டால் சுடுபவனின் காதுக்கே ஆபத்து.

எவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ரஷ்யாவில் இருக்கிறது. ஏ.கே.-74 துப்பாக்கியின் குழல் நீளம் 415 மி.மீ. குண்டின் வேகம் விநாடிக்கு 900 மீட்டர். டாங்கி, ஹெலிகாப்டர் சிப்பந்திகளுக்காக அதே துப்பாக்கியின் குழலைப் பாதியாக, 206.5 மி.மீ. ஆகக் குறைத்து 1979-ல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஏ.கே.எஸ்-74யு என்று பெயர். அதில் வேகம் 735 மீட்டர். பாதிக் குழல் போயும் வேகம் பதினெட்டு சதவீதம்தானே குறைந்திருக்கிறது என்று தோன்றும். அழுத்தம் தொடக்கத்தில்தான் மிக அதிகம் என்பதால் முதல் பாதிக் குழலே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் குண்டின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3.4 கிராம் குண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,377 ஜூல் இருந்தது 918 ஜூல் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று.

இன்னொரு தொல்லையும் உண்டு. இத்தகைய துப்பாக்கிகளில் குழலின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே கொஞ்சம் வாயு வந்து ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளி, காலித் தோட்டாவை எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றுகிறது. குண்டு அந்தத் துளையைக் கடந்ததற்கும் குழலை விட்டு வெளியேறுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் இந்த வேலைக்கு வேண்டிய தள்ளு கிடைக்க வேண்டும். குழலை வெட்டினால் அந்த நேரம் சுருங்குகிறது. அதனால்தான் அந்த ரஷ்யத் துப்பாக்கியின் நுனியில் தனியாக ஒரு விரிவறை வைத்து, வாயுவைச் சற்று நேரம் பிடித்துவைக்கிறார்கள். வால்வு நேரத்தோடு மல்லாடிய என் போன்றவர்களுக்கு இதைப் படித்தபோது பழைய நண்பரைப் பார்த்தது போல இருந்தது.

இவ்வளவு நஷ்டத்தோடு எதற்குக் குட்டைத் துப்பாக்கி? இதற்குப் பதில் சுபேதாரிடமிருந்தே வந்தது. "சார், பாலம் போடுறவனுக்கு ரெண்டு கையும் வேணும். நீளத் துப்பாக்கி முதுகில இருந்தா குனியும்போதெல்லாம் மண்டையில இடிக்கும். கழட்டி ஓரமா வெச்சா, வேணுங்கிற நேரத்துல கைக்கு எட்டாது" என்றார். சுடுவதே வேலையாக இல்லாத படைவீரர்கள் ஏராளம். வண்டி ஓட்டுபவர், பீரங்கி இயக்குபவர், வானொலி இயக்குபவர், சாப்பர். எதிரி திடீரென்று மேலே விழுந்தால் தற்காத்துக்கொள்ள அவர்களுக்கும் ஏதாவது வேண்டும். கைத்துப்பாக்கி போதாது, ரைஃபிள் அதிகம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் அமெரிக்கர்கள் 1942-ல் இரண்டரைக் கிலோ எடையுள்ள எம்-1 கார்பைனைப் படையில் சேர்த்தார்கள். அறுபது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

வெள்ளைக்காரன் வேறு வழியில் போனான். .303 ரைஃபிளையே வெட்டி, எடை குறைத்து, காட்டுப் போருக்கென்று 1944-ல் ஒன்று செய்தான். தோட்டா அதே பெரிய தோட்டா. தோளில் உதை தாங்கவில்லை, நுனியில் தீப்பிழம்பை மறைக்கப் புனல் ஒன்று மாட்ட வேண்டியிருந்தது. நம் நாட்டில் போலீசாரிடமும் ராணுவத்திலும் நெடுங்காலம் இருந்த 9 மி.மீ. ஸ்டெர்லிங் கார்பைன் (கான்பூரில் செய்தது) இதற்கு நேர் எதிர். அதில் கைத்துப்பாக்கித் தோட்டா. உதை இல்லை, ஆனால் தடித்த, மெதுவான குண்டு. குண்டு துளைக்காத உடுப்புகள் பரவலானதும் அதன் மவுசு குறைந்தது.

அதற்கு விடையாகத்தான் 1980-களின் கடைசியில் நேட்டோ நாடுகள் புதுவகைத் தற்காப்பு ஆயுதம் கேட்டன. பெல்ஜியத்தின் பி-90 அப்படி வந்தது. மொத்த நீளம் 50 செ.மீ. குண்டு 2 கிராம்தான், வேகம் 715 மீட்டர். ஆற்றலைக் கணக்கிட்டால் 9 மி.மீ. குண்டுக்குச் சமமாகத்தான், 500 ஜூலை ஒட்டி வருகிறது. ஆனால் கோணிப்பையை விரலால் குத்துவதற்கும் கோணி ஊசியால் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம். ஒரே பலம்தான், ஊசி உள்ளே போகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இரண்டு வழியும் நடக்கிறது. ஒன்று திருச்சி வழி. 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையை நம்மில் பலர் அறிவோம். என்னோடு டிப்ளமோ படித்த சிலர் அங்கே வேலைக்குப் போனார்கள். அவர்கள் ஏ.கே. வகை 7.62 x 39 தோட்டாவுக்கு ஒரு ரைஃபிள் செய்து, 2021-ல் அதன் குட்டை வடிவமான 'டிரைக்கா' கார்பைனையும் அறிமுகப்படுத்தினார்கள். தோட்டா அதேதான், குழல்தான் சிறியது. குழலின் துளை அகலமானால் வாயு சீக்கிரமே விரிந்துவிடும். ஆகவே மெல்லிய 5.56 தோட்டாவோடு ஒப்பிட்டால் இதில் வெட்டுவதால் வரும் நஷ்டம் சற்றுக் குறைவு.

மற்றது புனே வழி. குழலை வெட்டாமல் தோட்டாவையே வெட்டுவது. வழக்கமான 5.56 தோட்டாவின் உறை 45 மி.மீ. நீளம். புனே ஆயுத ஆராய்ச்சி நிலையம் 30 மி.மீ. உறைக்கு ஒரு கார்பைனை வடிவமைத்தது. மருந்து குறைவு, குட்டைக் குழலுக்குள் எரிந்து முடிய அவகாசம் அதிகம். எடை ஏறக்குறைய 3 கிலோ, நிமிடத்துக்கு 700-க்கு மேல் சுடும் வேகம், 100 மீட்டருக்கு மேல் பயன்தரும் தூரம், ஒரே கையாலும் சுடலாம். கான்பூரில் துப்பாக்கி, புனே கிர்க்கியில் தோட்டா. ராணுவத்தின் இறுதிக்கட்டச் சோதனையை 2020 டிசம்பரில் முடித்தது. அதற்கு முன்பே உள்துறையின் சோதனைகளிலும் தேறியிருந்தது.

பொறியாளன் என்ற முறையில் புனே வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அதற்கும் விலை உண்டு. மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கும் நிலையங்களில் மூட்டைகளை இறக்கி ஏற்றியதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தனித் தோட்டா என்றால் தனிக் கிடங்கு, தனிக் கணக்கு. பக்கத்துப் படைப்பிரிவிடம் அவசரத்துக்குக் கடன் வாங்க முடியாது.

ரயில்வேக்காரனான எனக்கு இந்த விஷயம் வெறும் கணக்காகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி முனையத்தில் 50-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வந்தவர்களிடம் ஏ.கே. துப்பாக்கிகள். அங்கிருந்த காவலர்கள் சிலர் கையில், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுட வேண்டிய ஆங்கிலேயர் காலத்து .303. அந்த நீளத்தை வைத்துக்கொண்டு ஒரு ரயில் பெட்டியின் நடைபாதையில் திரும்பிப் பாருங்கள். சுபேதார் தம் கைத்தடியைத் தோளில் வைத்து எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் திரும்பிக் காட்டினார்; தடி நிலைப்படியில் இடித்தது.

அதன் பிறகு எல்லாரும் "அவர்களுக்கும் ஏ.கே. கொடுங்கள்" என்றார்கள். ஆயிரம் பேர் நிற்கும் நடைமேடையில் அந்தக் கனத்த குண்டு குறி தவறினால் எங்கே போய் நிற்கும்? இலேசான குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். தூரத்தில் நிற்பவருக்கு ஆபத்து குறைவு. குறைவு என்றேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

பையனுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. கடையில் வாங்கலாமா என்றான். கூடாது. தானாகத் தொடர்ந்து சுடும் ஆயுதங்கள் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. உரிமம் பெற்ற சாதாரணத் துப்பாக்கியின் குழலை வெட்டிச் சிறியதாக்குவதற்கும் அதே சட்டத்தின் 6-வது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். அமெரிக்காவிலும் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளைத் தனியாகப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 1934-லிருந்து வருவதுதான். உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோகலாம் என்பதே அங்கும் இங்கும் உள்ள பயம்.

"அப்போ பெரிய துப்பாக்கி மாதிரி சுடாது, ஆனா சத்தம் மட்டும் ஜாஸ்தி" என்றான் பையன். சுபேதார், "அது யாரு மாதிரின்னு சொல்லட்டுமா?" என்று அவனைப் பார்த்துச் சிரித்தார்.