பலகை யாருடையது?

தேவிகுளத்துத் தேயிலைச் சரிவுகளில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியொன்றைச் செய்ய முனையும் சிறு நிறுவனம், மின்சுற்றுப் பலகையைத் தானே வடிவமைக்க வேண்டியதில்லை. மின்னணுக் கருவி செய்யும் புது நிறுவனங்களுக்கென 2016இல் மேக்கர் வில்லேஜ் தொடங்கப்பட்ட களமசேரி, மலையிறங்கினால் எட்டும் தொலைவுதான். முதலில் ஐந்தாறு பலகைகள் போதும். அவை ஒரு பருவமழையைத் தோட்டத்திலேயே கழிக்கட்டும். மூடுபனியின் ஈரம் செய்யும் கேடு ஆய்வுக்கூட மேசையில் தெரியாது.

கூலி கொடுத்ததும் வடிவமைப்பு நமதாகிவிடும் என்று எண்ணுவோர் பலர். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். கெர்பர் கோப்பு மட்டும் பெற்றால் பலகையை மீண்டும் அச்சிடலாம். எளிதில் திருத்த இயலாது. சுற்று வரைபடம், தளவரைவின் மூலக் கோப்பு, உதிரிபாகப் பட்டியல் ஆகியவை கைக்கு வந்த பின்னரே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். இல்லையேல், ஒரு சில்லு சந்தையில் கிடைக்காமற்போகும் நாளில் பழைய வடிவமைப்பாளரின் வாசலிலேயே நிற்க நேரும்.