வண்டிக்குள் வீசிய வாடை

வாடை என்னுஞ் சொல்லுக்கு இலக்கியத்தில் வடகாற்று என்பது பொருள். பேச்சு வழக்கிலோ அது நாற்றத்தைக் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய இடமொன்றைச் சென்ற சித்திரையில் யான் கண்டேன். அஃது என் மருகரின் மோட்டார் வண்டி.

நண்பகல் வெயிலில் நின்ற வண்டிக்குள் பேர்த்தியுடன் ஏறினேன். மருகர் கண்ணாடிகளை அடைத்துக் குளிரூட்டியை முடுக்கினார். குளிர் வருமுன்னே பூஞ்சண நாற்றம் வந்தது. தொய்வு நோயுடைய குழந்தை மூச்சுக்குத் திணறினாள். கண்ணாடிகளைத் திறந்துகொண்டே வீடு சேர்ந்தோம்.

மறுநாள் வண்டி திருத்துபவர் காற்று வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். தூசுஞ் சருகும் அதனை அடைத்திருந்தன. குளிர்ந்த குழாய்ச்சுருளிற் காற்றின் ஈரம் நீராய்ப் படியும். வண்டி நின்றபின் அவ்வீரத்திலே பூஞ்சணம் வளரும் என்றார். ஆகவே, இறங்குவதற்குச் சில நிமிடம் முன்னரே குளிரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிடல் வேண்டும், சுருள் உலர்ந்துவிடும். வடிகட்டியை ஆண்டுக்கொரு முறையேனும் மாற்றுதல் நன்று. வெயிலில் நின்ற வண்டியாயின், கதவுகளைத் திறந்து வெக்கையைப் போக்கிய பின்னரே குளிரூட்டியை இயக்குக. நெடும்பயணத்தில் இடையிடையே வெளிக்காற்றையும் உள்ளே விடுக.

1939இல் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் இச்சாதனத்தைத் தன் வண்டிகளில் அமைக்கத் தொடங்கியது. அக்காலத்திற் குளிரை நிறுத்த, இயந்திரத்தையே நிறுத்தி, அமுக்கியின் வாரைக் கழற்றல் வேண்டும். இன்று விரலால் ஒரு விசையைத் தொட்டாற் போதும். அத்துணை எளிய செயலையுஞ் செய்யாது விட்டதற்கன்றோ குழந்தை வருந்தினாள்!

இப்பொழுது மருகர் தெருமுனையிலேயே குளிரை நிறுத்திவிடுகிறார். வழக்கு வாடை அகன்றது. இலக்கிய வாடை எஞ்சிற்று.