சொன்னது என்ன, செய்தது என்ன?

புனே நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது ஹடப்சர். சோலாப்பூருக்குப் போகும் பெரிய சாலை அதன் நடுவே ஓடுகிறது. ஒரு காலத்தில் இங்கே காய்கறித் தோட்டங்கள் நிறைய இருந்தன. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. இப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும் எழும்பிவிட்டன. பல மாநிலத்து மக்கள் பிழைப்புக்காக இங்கே வந்து குடியிருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

ஹடப்சரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் இரண்டு ஊர்கள் வரும். ஒன்று உருளி தேவாச்சி. மற்றொன்று புர்சுங்கி. இந்த ஊர்களின் பெயர் புனே நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏன் தெரியுமா? நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கேதான் போய் விழுந்தது.

குப்பைக் கிடங்கின் பரப்பு சுமார் 163 ஏக்கர். அந்த அளவு நிலத்தில் நெல் விளைந்தால் எத்தனை குடும்பம் சாப்பிடும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே விளைந்தது குப்பை மலை. மழை பெய்தால் குப்பையில் ஊறிய கறுப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். கிணறுகள் கெட்டுப்போயின. குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. ஈயும் நாற்றமும் சோற்றுத் தட்டு வரை வந்தன. சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோவை வெள்ளலூர் மக்களுக்கும் அப்படியே.

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. பலமுறை கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் வாக்குறுதி கிடைத்தது. திறந்தவெளியில் குப்பை கொட்டுவதை நிறுத்துகிறோம் என்றார்கள். குழாயில் நல்ல தண்ணீர் தருகிறோம் என்றார்கள். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை என்றார்கள். கெடு வைத்தார்கள். கெடு முடியும். மறுபடியும் ஒரு கெடு வரும்.

2017 ஏப்ரல் மாதம் கிடங்கில் தீப்பிடித்தது. புகை ஊரையே மூடியது. பொறுமை போய்விட்டது. ஊர் மக்கள் குப்பை லாரிகளை உள்ளே விட மறுத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஒரு லாரியும் போகவில்லை. புனே நகரத்துத் தெருக்களில் குப்பை குவிந்தது. அதுவரை குப்பை எங்கே போகிறது என்று யோசிக்காதவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் அப்போதைய முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிஸ் தலையிட்டுப் பேசினார். பிறகுதான் லாரிகள் ஓடின.

குப்பை போக வேறு இடம் வேண்டுமே! ஹடப்சரில் உள்ள ராம்டேக்டி தொழிற்பேட்டையில் குப்பை பதப்படுத்தும் ஆலைகள் வந்தன. உடனே ஹடப்சர் மக்கள் எதிர்த்தார்கள். "அந்த ஊர்க் கஷ்டத்தை எங்கள் வாசலில் இறக்கி வைப்பதா?" என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்துக் கேள்வியும் நியாயமானதுதான். அவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டு பேரும் கேட்க வேண்டிய இடம் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசாங்கம் மேடையில் சொல்வது ஒன்று. சட்டத்தில் எழுதி வைப்பது ஒன்று. எழுதியதைத்தான் பிடித்துக் கேட்க முடியும்.

1996 ஆம் ஆண்டு அல்மித்ரா பட்டேல் என்ற அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். நகரங்கள் குப்பையை ஊருக்கு வெளியே கண்டபடி கொட்டுவதை எதிர்த்து அந்த வழக்கு. அதன் பலனாக 2000 ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. குப்பையைப் பதப்படுத்தும் வசதியை 2003 டிசம்பர் 31-க்குள் எல்லா நகரங்களும் செய்துவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தேதியைக் கவனியுங்கள். புர்சுங்கி எரிந்தது 2017 இல். அதாவது, கெடு முடிந்து 13 ஆண்டுக்குப் பிறகு.

2016 இல் அந்த விதிகளை மாற்றி எழுதினார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். குப்பை பொறுக்கும் தொழிலாளர்களையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். 2026 இல் மீண்டும் புதிய விதிகள் வந்தன. பிரிக்க வேண்டிய வகை நான்கு ஆயிற்று. விதி புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. பழைய விதியை யார் மீறினார்கள் என்ற கணக்கு மட்டும் வருவதில்லை.

குப்பைக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. சாண எரிவாயுக் கலனைப் பார்த்திருப்பீர்கள். சாணத்தைக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் ஒரு வாயு கிளம்பும். அதை அடுப்பில் எரிக்கிறோம். அந்த வாயுவில் பெரும்பங்கு மீத்தேன். குப்பை மலைக்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. காய்கறித் தோலும் பழைய சோறும் அடியில் புதைந்து காற்றில்லாமல் அழுகுகின்றன. மீத்தேன் கிளம்புகிறது. அது சில நேரம் தீப்பிடிக்கவும் செய்கிறது. பிடிக்காவிட்டால் வானத்துக்குப் போகிறது.

வானத்துக்குப் போன மீத்தேன் பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. வண்டிப் புகையிலும் அனல் மின்நிலையப் புகையிலும் வருகிற கரியமில வாயுவும் இதைத்தான் செய்கிறது. ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, மீத்தேன் அதைவிடச் சுமார் 80 மடங்கு சூடு சேர்க்கிறது.

இந்தச் சூட்டைக் குறைப்பதாக உலக நாடுகள் 2015 இல் பாரிஸ் நகரத்தில் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் அதில் சேர்ந்தது. 2021 இல் கிளாஸ்கோ நகரத்தில் நம் பிரதமர் ஒரு வாக்குக் கொடுத்தார். 2070 ஆம் ஆண்டுக்குள் வெளியே விடும் வாயுவும் திரும்ப உறிஞ்சும் வாயுவும் சமமாகும் என்றார். 2022 இல் எழுத்திலும் சில இலக்குகளைக் கொடுத்தார்கள். 2030 க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி போன்ற எரிபொருள் இல்லாத வழியில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இந்தப் பாதி என்ற அளவை 2025 இலேயே எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் திறன் பாதியானால் உற்பத்தியும் பாதியாகிவிடாது. சூரியன் இராத்திரியில் வராதே! இரண்டு கணக்கையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

பாரிஸ் ஒப்பந்தத்தை மீறினால் அபராதம் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதும். செய்ததை அறிக்கையாகக் கொடுக்கும். அப்படியானால் கேட்பவர் யார்? அந்தந்த நாட்டு மக்கள்தான். நெதர்லாந்து நாட்டில் சுமார் 900 பேர் ஓர் அமைப்போடு சேர்ந்து அரசின் மேலேயே வழக்குப் போட்டார்கள். புகையைக் குறைக்கும் வேலையில் அரசு பின்தங்குகிறது, இது எங்கள் உயிருக்கு ஆபத்து என்றார்கள். 2019 இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் உச்ச நீதிமன்றமும் 2024 இல் ஒரு வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீமைகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது குடிமக்களின் உரிமை என்று சொல்லியிருக்கிறது.

குப்பை பொறுக்கிய பெண்கள் கேட்ட விதம்

புனேயில் இன்னொரு கதை உண்டு. அது படிப்பிலிருந்து தொடங்கிய கதை.

1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் வயது வந்தோர் கல்வித் துறையினர், குப்பை பொறுக்கும் குடும்பத்துக் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்தினார்கள். குழந்தைகளோடும் தாய்மார்களோடும் குப்பை மேட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். பெண்கள் எல்லாம் கலந்த குப்பையைக் கையால் கிளறிக் காகிதமும் கண்ணாடியும் தகரமும் எடுத்தார்கள். நாய் கடிக்கும். போலீஸ் விரட்டும். 'திருடி' என்ற பேச்சு வேறு. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால் இந்தக் கிளறல் எதற்கு என்ற கேள்வி அங்கே பிறந்தது.

1993 இல் அவர்கள் சங்கம் வைத்தார்கள். அதன் பெயர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்'. காகிதம், கண்ணாடி, தகரம் சேர்க்கும் உழைப்பாளர் பஞ்சாயத்து என்று அர்த்தம். சுமை தூக்குவோர் சங்கத்தை நடத்திவந்த பாபா ஆடவ் அவர்களுக்குத் துணை நின்றார். சில ஆண்டுகளில் மாநகராட்சி ஒப்புதலோடு படம் ஒட்டிய அடையாள அட்டை வந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். கணக்குப் போட்டார்கள். தினமும் எத்தனை கிலோ பொருளைக் குப்பையிலிருந்து பிரித்து விற்கிறோம்? அவ்வளவும் லாரியில் போயிருந்தால் மாநகராட்சிக்கு எவ்வளவு செலவு? 2001 இல் இது ஓர் ஆய்வாகவே வெளிவந்தது. இரக்கப்பட்டு ஏதாவது செய்யுங்கள் என்று அவர்கள் போய் நிற்கவில்லை. உங்களுக்கு இவ்வளவு மிச்சம் செய்து தருகிறோம் என்று எண்ணைக் காட்டினார்கள்.

பின்பு 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு உண்டானது. 2008 இல் புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரித்த குப்பையை வாங்கினார்கள். வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் கொடுத்தார்கள். இன்று 3,000 பேருக்கு மேல் இதில் உழைக்கிறார்கள். ஒப்பந்த காலம் முடிந்த சமயங்களில் புதுப்பிக்கத் தாமதம் ஆனது. பெரிய கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. பெண்கள் ஒப்பந்தத் தாளோடு மாநகராட்சி வாசலில் போய் நின்றார்கள்.

கம்பெனிகளையும் அவர்கள் விடவில்லை. மாதவிடாய்த் துணிப் பட்டைகளைக் கையால் தொட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. விற்கிற கம்பெனிதான் அதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று அரசு விதியிலேயே இருந்தது. கம்பெனிகள் அசையவில்லை. 2013 இல் அந்தப் பெண்கள் உபயோகித்த பட்டைகளை மூட்டை கட்டி அந்தக் கம்பெனிகளுக்கே அனுப்பி வைத்தார்கள்! இதைவிடத் தெளிவாக ஒரு மனுவை எழுத முடியுமா?

பத்து ரூபாய் மனு

லாரியை மறிப்பது கடைசி வழி. அதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005 அக்டோபர் 12 முதல் அமலில் இருக்கிறது. நாட்டிலேயே முதல் மனு புனே நகரத்துக் காவல் நிலையம் ஒன்றில்தான் கொடுக்கப்பட்டது.

வெள்ளைத் தாள் போதும். பத்து ரூபாய்க் கட்டணம். மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதைத் தாளில் எழுத அதிகாரியே உதவ வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கும் தெரியாது. மனுவை அந்த மாநில மொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். தமிழ்நாட்டில் தமிழ் போதும். ஹடப்சரில் இருக்கும் தமிழர் மராத்தி தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி கேட்பதில்தான் சாமர்த்தியம். "ஏன் குப்பையை ஒழுங்காக எடுப்பதில்லை?" என்று எழுதினால் பதில் வராது. அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இப்படி எழுத வேண்டும்:

"கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை, மாதவாரியாக, எங்கள் வார்டில் எடுத்த குப்பை எத்தனை டன்? அதில் மக்கும் குப்பை எவ்வளவு, மக்காத குப்பை எவ்வளவு? அது எந்தெந்த ஆலைக்குப் போனது? ஆலை வாசலில் போட்ட எடைச் சீட்டின் நகல் வேண்டும். ஆலைக்குக் கொடுத்த பணம் எவ்வளவு? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலைக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகல் வேண்டும்."

எடைச் சீட்டை விட்டுவிடக் கூடாது. வீட்டில் பிரித்துக் கொடுத்த குப்பை, லாரியில் ஒன்றாகக் கலந்து போகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். மக்கும் குப்பைக்கு ஒரு சீட்டும் இல்லையென்றால் வேறு என்ன நடந்திருக்கும்?

பதில் வருவதற்கு 30 நாள் கெடு. வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே காலதாமதம் ஆகும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கையில் பதில் வந்த பிறகு போக இடங்கள் உண்டு. வார்டு உறுப்பினரைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிராம சபையில் படித்துக் காட்டித் தீர்மானம் கேட்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம். பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அதற்கு ஒரு கிளை புனேயிலும் ஒன்று சென்னையிலும் இருக்கிறது. உருளி தேவாச்சிக் குப்பை மேடும் அந்தப் படி ஏறியது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து எடுக்கும் வேலை அங்கே நடந்தது.

மனுவைக் கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட் நல்லது. நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்க வேண்டும். 30 நாளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள்.