நாய்க்கு மெல்லத் தகுவன யாவை?

நாயின் இயல்புகளுள் வீட்டார் பெரிதும் வெறுப்பது, அது கண்டதையெல்லாம் கடித்து மெல்லுதலேயாம். செருப்பும், பாயும், தலையணையும், கட்டிற்காலும் அதன் வாய்க்கு ஒரு நிகரே. இதற்காகச் சிலர் அதனை அடிப்பர். சிலர் பகல் முழுதும் கட்டிவைப்பர். இவ்விரண்டினாலும் பயன் விளைவதில்லை. மெல்லுதல் நாய்க்குக் குற்றமன்று, இயற்கை. இயற்கையை அடக்க முயல்வதினும், அதற்கு ஏற்ற பொருளைத் தேர்ந்து கொடுத்தலே அறிவுடைமை. திருப்பூரைச் சூழ்ந்த நம் பகுதியில் எளிதிற் கிடைக்கும் பொருள்களுள் எவை கொள்ளத்தக்கன, எவை தள்ளத்தக்கன என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண், நாய் மெல்லுவதன் காரணத்தை அறிதல் வேண்டும். குட்டிக்குப் பாற்பற்கள் 28. நான்காந் திங்களளவில் அவை விழத் தொடங்கும். ஏழாந் திங்களளவில் 42 நிலைப்பற்கள் நிரம்பும். அக்காலத்தில் ஈறு நோவதனால் குட்டி எதையேனும் கடித்து ஆறுதல் பெறும். வளர்ந்த நாயோ பெரும்பாலும் தனிமையினாலும் வேலையின்மையினாலும் மெல்லும். இப்பின்னைக் காரணம் எம் ஊருக்குச் சிறப்பாக உரியது. பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றில், காலையிற் கம்பெனிக்குச் சென்ற பெரியோர் இரவிலேதான் வீடு திரும்புவர். வரிசை வீட்டின் வாயிலிற் கட்டுண்டு கிடக்கும் நாய்க்கு அவ்வளவு நேரமும் துணையாவது தன் வாய்க்கு எட்டிய பொருளொன்றே.

அங்ஙனம் எட்டும் பொருள்களுள் முதன்மையானது பனியன் துணித் துண்டு. கட்டிங் மேசையினின்று கழிந்து விழும் துண்டுகளை எம் ஊரார் ‘வேஸ்ட்’ என்பர். இயந்திரம் துடைக்கவும், கால்மிதி பின்னவும், கரித்துணியாகவும் அவை வீடுதோறும் பயன்படுகின்றன. அவற்றையே முடிச்சிட்டு நாய்க்கு விளையாடக் கொடுப்பாரும் உளர். மெத்தென்ற துணி பல்லுக்குத் தீங்கு செய்யாது என்பது அவர் எண்ணம். பல்லுக்குத் தீங்கில்லை, குடலுக்கே தீங்கு.

இதனைச் சிறிது விளக்குவாம். தறியில் நெய்த துணி, பாவும் ஊடும் குறுக்கிட்டு அமைந்தது. பனியன் துணியோ பின்னப்படுவது. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து வரிசையாகிறது. வெட்டிய ஓரத்தில் நாயின் பல் பட்டு ஒரு கண்ணி அவிழ்ந்தால், நூல் நீண்டு பிரிந்துகொண்டே வரும். இடுப்புப் பட்டியின் எலாஸ்டிக்கோ அறுவதற்கு முன் நீளும். இவ்வாறு பிரிந்த நூலை நாய் விழுங்குமாயின், அதன் ஒரு பகுதி இரைப்பையின் வாயிலிற் சிக்கி நிற்க, எஞ்சிய பகுதி குடலினுள் இறங்கும். குடல் தன் இயல்பான அசைவினால் அதனை முன்னே தள்ள முயலும். நூல் நகராமையின், குடலே நூலின்மேல் ஏறிச் சுருங்கும். நாடாவை இழுக்குங்கால் பாவாடையின் இடுப்புச் சுருங்குதலை இதற்கு ஒப்பாகக் கூறலாம். நாழிகை செல்லச் செல்ல இறுகிய நூல் குடலின் உட்சுவரை அறுத்துத் துளைக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டாரின் ஐந்து திங்கட் குட்டி எலாஸ்டிக் துண்டொன்றை விழுங்கிற்று. இரண்டு நாள் வாந்தியெடுத்ததனை வயிற்றுக் கோளாறென்றே அவர்கள் கருதினர். மூன்றாம் நாள் மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது குடல் நான்கிடங்களில் துளைபட்டிருந்தது, குட்டி பிழைக்கவில்லை. விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் பருத்திக் கயிற்று முடிச்சுக்கும் இவ்வபாயம் உண்டு. இழை பிரிந்தவுடன் அதனை எறிந்துவிடல் வேண்டும்.

இனி எலும்பைப் பற்றிக் கூறுவாம். பல்லடம் வட்டாரம் கறிக்கோழி வளர்ப்பிற் பேர்பெற்றது. ஆதலின் இப்பக்கத்து வீடுகளிற் கோழியெலும்புக்குக் குறைவில்லை. நாய்க்கு எலும்பே உரிய உணவு என்பது உலக வழக்கு. ஆயின், வெந்த எலும்பு ஈரமும் நெகிழ்ச்சியும் இழந்து கூரிய சிம்புகளாக உடையும். அவை தொண்டையிற் குத்தும். இரைப்பையையும் குடலையும் கிழிக்கும். அமெரிக்க நாட்டு உணவு மருந்து நிருவாகம் 2010-ஆம் ஆண்டில் நாய்களுக்கு எலும்பு கொடுத்தல் ஆகாது என மக்களை எச்சரித்தது. வேகாத எலும்பிலோ சால்மொனெல்லா முதலிய நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும். அவை நாயோடு விளையாடும் குழந்தைகளையும் பற்றும்.

மிக்க கடினமான பொருள்களும் தள்ளத்தக்கனவே. நம் பற்களின் மேற்பூச்சாகிய எனாமல் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். நாயின் பல்லிலோ அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மாட்டுக் குளம்பு, கொம்பு, தடித்த காலெலும்பு ஆகியவற்றை நாய் முழுவலிமையுடன் கடிக்குங்கால், மேல்தாடையின் பெரிய வெட்டுப்பல் பிளந்துவிடுதல் உண்டு. இமயமலைப் பகுதியிலே பாலினாற் செய்யப்பெறும் ‘சுர்பி’ என்னும் கட்டியும் சில நாய்களுக்கு மிகக் கடினமாகும். மான்கொம்பு பிற நாடுகளிற் கடைப்பொருளாயினும், நம் நாட்டில் அதனை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

காங்கேயத்துக் கொப்பரைக் களங்களின் அருகே தேங்காய்ச் சிரட்டையும் மட்டையும் மலிவு. சிரட்டை கூரிய சில்லுகளாக உடையும். மட்டையின் நார் குடலில் உருண்டு அடைக்கும். மக்காச்சோளத்தின் முத்து உதிர்ந்த கட்டையும், மாங்கொட்டையும் செரியாமற் குடலை அடைப்பனவற்றுள் தலையாயவை. பதப்படுத்தாத தோலைச் சுருட்டி முறுக்கிய ‘எலும்பு’ கடைகளில் விற்கப்படுகின்றது. அதனை மெல்ல மெல்லக் கரைக்கும் நாய்க்கு இடர் குறைவு. பெருந்துண்டாக விழுங்கும் நாய்க்கு அது வயிற்றில் ஊறிப் பருத்து அடைப்பாகும். டென்னிஸ் பந்தின் மேலுள்ள கம்பளம் உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும். ஆகவே அஃது எறிந்து பிடிப்பதற்கே உரியது.

இவ்வாறெல்லாம் தள்ளினால் எஞ்சுவது யாது? நாயின் வாய்க்குள் முழுதும் அடங்காத அளவினதாய், தடித்த இயற்கை ரப்பரினாற் செய்யப்பட்ட பொம்மையே முதற்கண் கொள்ளத்தக்கது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தவரான ஜோ மார்க்கம் என்பாரின் பிரிட்ஸ் என்னும் நாய் கல்லைக் கடித்துத் தன் பற்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வோல்க்ஸ்வாகன் வண்டியின் ரப்பர் உறுப்பொன்று கைக்குக் கிடைத்தபோது, அந்நாய் கல்லை மறந்து அதனையே விரும்பிக் கடித்தது. அதனடியாகவே 1976-இல் ‘காங்’ என்னும் உட்குழிவுடைய ரப்பர் பொம்மை தோன்றிற்று. அதன் உள்ளே தயிர்ச்சோறோ வெந்த பூசணியோ அடைத்துக் குளிர்பெட்டியில் உறையவைத்துக் கொடுத்தால், நாய் நெடுநேரம் நக்கியும் மென்றும் அமைதியுறும். கடலை வெண்ணெய் வைப்பவர் அதில் ‘சைலிடால்’ என்னும் இனிப்புப் பொருள் இல்லையென்பதை உறுதி செய்தல் வேண்டும். அது நாய்க்குக் கொடிய நஞ்சு. பொருள் இல்லாதவர்க்கு நீலகிரிக் காரட்டு உண்டு. தடித்த காரட்டொன்றைக் குளிரச்செய்து கொடுத்தால் பல் முளைக்கும் குட்டியின் ஈற்றுக்கு இதமாகும். பல்லைத் தூய்மை செய்யும் என்று கூறி விற்கப்படும் பண்டங்களில், 1997-இல் நிறுவப்பெற்ற ‘வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில்’ என்னும் மன்றத்தின் முத்திரை உள்ளனவற்றை நம்பலாம். தின்பண்டம் யாதாயினும், நாளுணவில் பத்திலொரு பங்குக்கு மேற்படலாகாது.

எப்பொருளையும் தேர்வதற்கு மூன்று சோதனைகள் உள. ஒன்று, நகத்தால் அழுத்தினாற் சிறிதேனும் தடம் பதிதல் வேண்டும். இரண்டு, அதனால் நம் முழங்காலில் தட்டினால் நோவு தோன்றலாகாது. தோன்றுமாயின் அது நாயின் பல்லுக்கும் கடினமே. மூன்று, நாய் அதனை முழுதாகவேனும் துண்டாகவேனும் விழுங்க இயலாதிருத்தல் வேண்டும். இவற்றிலே தேறிய பொருளையும் முதல் முறை நாம் அருகிருந்து பார்த்தே கொடுத்தல் நன்று.

தகாத பொருளை நாய் கவ்விவிட்டால் துரத்துதல் கூடாது. பறிகொடாமைப் பொருட்டு அது விழுங்கிவிடும். வேறொரு சுவையான பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுதலே தக்கது. விழுங்கிவிட்டாலோ, உப்புநீர் புகட்டி வாந்தியெடுப்பிக்கும் கைவைத்தியம் ஆகாது; மிகுந்த உப்பே நஞ்சாகும். பின்புறத்தில் நூல் தொங்கக் காணினும் இழுத்தல் ஆகாது. உள்ளே குடல் அறுபடும். ஓயாத வாந்தி, உணவு மறுத்தல், வயிற்றைத் தொடவொட்டாமை ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். திருப்பூர் மாவட்டத்தவர்க்கு உடுமலைப்பேட்டையிலே 2020-இல் தொடங்கப்பெற்ற அரசினர் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு.

தன்மேல் எறிந்த வேல் உடலிற் கிடக்கும்பொழுதும் தலைவனைக் கண்டு வாலசைக்கும் நாயை, நல்ல நட்புக்கு உவமையாக நாலடியார் கூறுகின்றது. கற்போர் அதனை நாயின் புகழாகவே கொள்வர். மருத்துவ நூலார்க்கு அஃது எச்சரிக்கையுமாம். பல் பிளந்த நாய் உணவை மறுப்பதில்லை. ஒருபுறத்தே மென்றுகொண்டு, வழக்கம்போல நம்மை வரவேற்கும். தன் நோவைச் சொல்லாத உயிரின் வாயில் யாது இடுகின்றோம் என்பதை, இடுகின்ற கையே முன்னர் ஆராய்தல் வேண்டும்.