தட்டணுக்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பொருள்கள்

நோயின் இயல்பு

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே அவற்றை அயலாகக் கருதித் தாக்குவதால் 1,00,000-க்கும் கீழே குறைந்து, அதற்கு வேறு காரணமும் புலப்படாத நிலையை மருத்துவர்கள் ஐ.டி.பி. என்று சுருக்கமாகக் குறிப்பிடுகின்றனர். தட்டணுக் குறைவு என்றதும் டெங்குவே பலருக்கும் நினைவுக்கு வரும். இந்நோயிலோ பெரும்பாலும் காய்ச்சல் இருப்பதில்லை. கீழ்க்கால்களில் குண்டூசி முனையளவில் தோன்றி, கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள், ஈறுகளிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு, மிகுதியான மாதவிடாய் ஆகியவை இதன் அறிகுறிகளாகும்.

குற்றவாளி குருதியில் இருந்தது

தட்டணுக்கள் உற்பத்தியாகவில்லையா, உற்பத்தியானபின் அழிகின்றனவா என்ற நெடுநாள் ஐயத்துக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன் விடை தேடினார். இந்நோயுற்ற ஒருவரின் இரத்தத்தை அவர் தம் உடலிலேயே ஏற்றிக்கொள்ள, சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அபாயகரமான அளவுக்குச் சரிந்து, சில நாள்களுக்குப் பின்னரே மீண்டன. 1951-இல் வெளியான இவ்வாய்வு, அழிக்கும் பொருள் நோயாளியின் குருதியிலேயே உள்ளது என்பதை நிறுவியது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இத்தகைய சோதனையை அனுமதிக்காது.

அழிவு நிகழும் விதம்

அப்பொருள், நோயாளியின் பி அணுக்களிலிருந்து தோன்றும் பிளாஸ்மா அணுக்கள் சுரக்கும் தன்னெதிர்ப்பொருள், அதாவது தன் உடலையே பகையாகக் கொள்ளும் புரதம் என்பது பின்னர் தெளிவாயிற்று. தட்டணுக்கள் ஒன்றோடொன்று பிணையப் பயன்படும் 2பி/3ஏ என்னும் கிளைக்கோபுரதமே அதன் முதன்மை இலக்கு. அப்புரதம் பிறவியிலேயே இல்லாத கிளான்ஸ்மன் நோயாளிகளின் தட்டணுக்களில் பல ஐ.டி.பி. எதிர்ப்பொருள்கள் ஒட்டவில்லை என்று 1982-இல் கண்டறிந்ததே இதற்கு வழிகாட்டியது. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணுவை மண்ணீரலிலுள்ள விழுங்கணுக்கள் பிடித்து விழுங்கிவிடுவதால், 7 முதல் 10 நாள் வாழ வேண்டியது சில மணி நேரத்திலேயே மறையக்கூடும். எலும்பு மச்சையில் தட்டணுக்களை உருவாக்கும் பேரணுக்களையும் இவ்வெதிர்ப்பொருள்கள் தாக்குவதால் உற்பத்தியும் குன்றுகிறது; டி அணுக்களின் நேரடித் தாக்குதலும் உண்டு.

பரிசோதனையின் வரம்பு

எதிர்ப்பொருள் பரிசோதனை நோயை உறுதிசெய்துவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் கணிசமான நோயாளிகளிடம் அது எதிர்மறையாகவே வருவதால், அம்முடிவைக் கொண்டு நோயில்லை என முடிவுகட்ட இயலாது. இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்ப்பதே அதனினும் பயனுள்ளது. சேகரிப்புக் குழாயிலுள்ள இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளால் தட்டணுக்கள் திரண்டு, கருவி குறைவாக எண்ணிக் காட்டும் பொய்க் குறைவை அது வெளிப்படுத்திவிடும்.

சிகிச்சை

எண்ணிக்கையை மட்டும் அன்றி இரத்தப்போக்கையும் பார்த்தே சிகிச்சை தீர்மானிக்கப்படுகிறது. வைரஸ் தொற்றுக்குப்பின் நோயுறும் குழந்தைகளில் பெரும்பாலோர் சில மாதங்களில் தாமாகவே குணமடைகின்றனர். பெரியவர்களுக்கு முதலில் ஸ்டீராய்டும், அவசரத்தில் சிரைவழி இம்யூனோகுளோபுலினும், தொடர்ந்தால் எல்ட்ரோம்போபேக், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளும், சிலருக்கு மண்ணீரல் அகற்றமும் பயன்படுகின்றன. மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளை இந்நோயாளிகள் உட்கொள்ளலாகாது. கடுந்தலைவலி, மயக்கம், கறுத்த மலம், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.