புதுவண்டியும் சக்கரக் காற்றும்

புதிதாக ஒரு வண்டியை வாங்கி இல்லத்திற்குக் கொண்டு செல்லும் நாள் ஒரு குடும்பத்திற்குத் திருநாள் ஆகும். அதிலும், அவ்வண்டியே அக்குடும்பத்திற்கு ஏரும் வலையுமாக இருந்து சோறிடப் போவதாயின், அந்நாளின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும், மகிழ்ச்சி மிகும்பொழுது விழிப்புக் குறைதல் மாந்தர் இயல்பு. புதுவண்டியின் வண்ணத்தையும் விளக்கையும் பன்முறை நோக்கும் நாம், அவ்வண்டி முழுவதையும் தாங்கி நிற்கும் காற்றை நோக்குவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அப்பொருளைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் மாமன் கடன் பெற்று மூன்று சக்கர ஆட்டோ ஒன்றை வாங்கினார். வாங்கிய இடம் மாதவரம், இல்லம் இராயபுரம். விற்பனைக் களத்தின் வாயிலில் நின்று சிறு ஜெபம் செய்தோம், மாலை சூட்டினோம், புறப்பட்டோம். ஜெபம் செய்ய மறந்திலேம். சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க மறந்தேம். மூலக்கடையை அணுகும் முன்னரே வண்டி இடப்புறமாக இழுக்கத் தொடங்கிற்று. துறைமுகத்திற்குச் சரக்குப் பெட்டி ஏற்றிச் செல்லும் பெரிய லாரிகள் முன்னும் பின்னும் நெருங்கி வரும் சாலை அது. மாமன் வலப்புறம் திருப்ப, வண்டி அவர் கைக்கு அடங்காது ஒருமுறை சாய்ந்து மீண்டது. ஒருவாறு சாலையோரத்துப் பஞ்சர் கடை ஒன்றை அடைந்தோம். கடைக்காரப் பெரியவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். முன்சக்கரத்தில் வேண்டிய அளவினும் மிகுதி. பின்வலச் சக்கரத்தில் சரியான அளவு. பின்இடச் சக்கரத்திலோ பாதியினும் குறைவு. வால்வின் வாயில் சிறிது எச்சிலைத் தடவினார், குமிழி எழுந்தது. உள்ளிருக்கும் ஊசி முற்ற முறுக்கப்படவில்லை. அதனை முறுக்கிக் காற்றடைத்தபின், "தம்பி, புது வண்டி என்றால் காற்றும் புதிதாய்ச் சரியாய் இருக்கும் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை காண முயன்றதன் பயனே இவ்வெழுத்து.

காற்றடைத்த டயரின் வரலாறும் ஒரு மூன்று சக்கர வண்டியோடு தொடர்புடையது. ஸ்காட்லாந்து நாட்டினரான ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலத்து உலகம் அதனைப் பேணாது மறந்தது. பின்னர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் என்பார், தம் சிறு மகனது மூன்று சக்கர மிதிவண்டி கற்பாவிய தெருவில் அதிர்ந்து செல்வது கண்டு, 1887இல் ரப்பர்க் குழாயிற் காற்றை அடைத்து அதன் சக்கரங்களிற் பொருத்தினார். மறு ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். தாம்சன் முந்தினமை பின்னர்த் தெரியவர, அவ்வுரிமை செல்லாதாயிற்று. எனினும் டயர் உலகெங்கும் பரவிவிட்டது.

நம் வடசென்னைக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற கே. எம். மம்மன் மாப்பிள்ளை அவர்கள் 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில், குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அத்தொழிலே வளர்ந்து எம்.ஆர்.எப். என்னும் பெயர் பெற்று, 1961இல் அவ்வூரிலேயே டயர் செய்யும் ஆலையாயிற்று. பலூனும் டயரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. இரண்டிலும் தொழில் செய்வது அடைபட்ட காற்றுத்தான்.

இனி, அக்காற்றுச் சுமை தாங்கும் வகையைக் காண்போம். ஒரு சக்கரத்தின்மேல் 450 இராத்தல் எடை அழுத்துகிறது எனக் கொள்வோம். டயரினுள் சதுர அங்குலத்திற்கு 30 இராத்தல் அழுத்தம் இருப்பின், ஏறக்குறைய 15 சதுர அங்குலப் பரப்பு தரையிற் படிந்தால் அவ்வெடை தாங்கப்படும். அஃது ஓர் உள்ளங்கை அளவே. அழுத்தம் 15 இராத்தலாகக் குறையின், அதே எடையைத் தாங்க 30 சதுர அங்குலம் படிதல் வேண்டும். ஆகவே டயர் சப்பையாகி விரிகிறது. சுழலுந்தோறும் அதன் பக்கச் சுவர் மடங்கி நிமிர்வதால் வெப்பம் மிகுகிறது, இரு ஓரங்களும் தேய்கின்றன, எரிபொருளும் வீணாகிறது. வெப்பம் எல்லை கடப்பின் டயர் வெடித்தலும் கூடும். மாறாக, காற்று மிகின், டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும், பிடிப்புக் குறையும், சாலையின் ஒவ்வொரு பள்ளமும் ஓட்டுவோன் முதுகெலும்பில் வந்து முடியும்.

இவை எல்லா வண்டிக்கும் பொது. மூன்று சக்கர வண்டிக்குச் சிறப்பாக ஓர் இடர் உண்டு. இரு சக்கர வண்டி வளைவிலே தானும் சாய்ந்து தன் நிலையைக் காத்துக்கொள்ளும். மூன்று சக்கர வண்டியோ சாய்ந்து கொடுக்க இயலாது. வளைவில் அதன் எடை வெளிப்புறப் பின்சக்கரத்தின்மேல் மிகுதியாகச் சென்று விழும். அச்சக்கரத்திற் காற்றுக் குறைந்திருப்பின், டயர் மடங்க, வண்டி அப்பக்கம் கவிழ முற்படும். எம் மாமன் வலப்புறம் திருப்பியபோது நேர்ந்தது இதுவே. மேலும், பின்சக்கரம் இரண்டினுள் ஒன்று தாழ்ந்திருப்பின், நேர்ச்சாலையிலும் வண்டி அப்பக்கமே இழுக்கும்.

புதுவண்டியிற் காற்றுப் பிழைபடுதல் எவ்வாறு எனின், கூறுதும். ஆலையிலிருந்து வெளிவரும் வண்டி லாரியேறி நெடுந்தூரம் வருகிறது. பின் களத்தில் நாட்பல நிற்கிறது. நெடுநாள் ஓரிடத்தில் நிற்கும் டயர் தட்டையாகாதிருக்க வேண்டிச் சிலபோது காற்றை மிகுத்து அடைப்பதும் உண்டு. அதனை விற்குமுன் குறைத்தல் வேண்டும். அன்றியும், குறையற்ற டயரினின்றுங்கூட ரப்பரின் நுண்துளை வழியே திங்கள்தோறும் ஓரிரு இராத்தல் காற்றுக் கசிந்து போகும். ஆதலின், அடைத்தவன் கை மறந்தாலும் நாட்கள் மறப்பதில்லை.

இனி, அளக்கும் முறை. காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளத்தல் வேண்டும். காரணம் பின்வருமாறு: அளவுகோல் 30 எனக் காட்டும்பொழுது, வெளிக்காற்றின் அழுத்தமாகிய ஏறத்தாழ 15 இராத்தலையும் கூட்ட, உள்ளே உள்ளது 45 ஆகும். 30 பாகை வெப்பத்தில் இருந்த டயர் ஓடிச் சூடேறி 60 பாகையை அடையின், அழுத்தம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு மிகும். அளவுகோலும் 34க்கு மேற் காட்டும். அதனைக் கண்டு மிகையென மயங்கிக் காற்றைத் திறந்துவிடின், மறுநாட் காலையில் டயர் மெலிந்து கிடக்கும்.

வேண்டிய அளவு எது என்பது வண்டியோடு தரப்படும் கையேட்டில் உள்ளது. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் தனித்தனியே குறித்திருப்பர். சுமைக்கேற்ப அளவு வேறுபடின் அதனையும் நோக்குக. டயரின் பக்கத்திற் பொறித்துள்ள எண்ணோ அது தாங்கும் பேரெல்லை. அதுவே அளவென்று கொள்ளற்க. வால்வின் மூடியைக் கழற்றி, அளவுகோலை நேராக அழுத்தி, சீறும் ஒலி நின்றபின் எண்ணைப் பார்க்க வேண்டும். மீண்டும் ஒருமுறை அளந்து உறுதி செய்தல் நன்று. பின் வால்வின் வாயில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழாமை கண்டு, மூடியைத் திருகுக. அச்சிறு மூடி புழுதி புகாமற் காப்பது. நான்காவதாக உள்ள மாற்றுச் சக்கரத்தையும் மறத்தலாகாது. அதனை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம். வேல்சு நாட்டு லானெல்லி நகரத்து ஸ்டெப்னித் தெருவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றனர். அத்தெருவின் பெயரே நம் ஓட்டுநர் நாவில் இன்றும் வழங்குகிறது. காற்றில்லாத ஸ்டெப்னி, எண்ணெயில்லாத விளக்கை ஒக்கும். மணவாளனை எதிர்கொள்ளச் சென்ற அறிவிலாக் கன்னியர் கதையை நாம் அறிவோமன்றோ?

இவ்வளவையும் செய்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். எம் மாமன் இப்பொழுது நாடோறும் விடியலில், வண்டியைத் துடைக்குமுன் நான்கு சக்கரத்தையும் அளந்து பார்க்கிறார். பின்னரே ஜெபம் செய்து புறப்படுகிறார். ஜெபத்திற்குமுன் ஏன் இவ்வேலை என ஒருநாள் கேட்டேன். "கடவுள் செய்ய வேண்டியதை அவர் செய்வார், நான் செய்ய வேண்டியதை அவரிடம் கேட்கலாமா?" என்றார். பின்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் பிறர் குழந்தைகளின் உயிர் அக்காற்றின்மேல் அமர்ந்திருக்கிறது என்பதை அவர் நன்கு அறிவார்.